உள்ளே வைத்த சந்தனம்

செங்கல்பட்டு
5.11.2001

அன்புள்ள ரேணுகாவுக்கு,

உன் உடல்நலத்தைக் கேட்டு எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருப்பதாகக் கருதிக் கேட்கிறேன்: நலமா? கால் வீக்கம் குறைந்ததா?

ஜூலையில் நீ உன் அலுவலகத்தின் அணுபுரம் குடியிருப்புக்குச் சென்றபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. தொலைபேசியில் இருமுறை அழைத்தேன். இருமுறையும் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அவர்கள் எடுத்து, நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முதல் முறை காலை ஆறரை மணி. இரண்டாம் முறை மாலை நான்கு மணி. நேரங்களைக் குறித்துக்கொண்டேன்.

இப்போது எழுதக் காரணம் கம்ப்யூட்டர். நீ பாகம் பாகமாக வாங்கிவந்து, கூடத்துத் தரையில் உட்கார்ந்து பூட்டிக்கொடுத்த அதே பெட்டி. கடந்த மாதம் 29ஆம் தேதி காலை 10.42க்கு அதை இயக்கினேன். 11.03க்குத் தானாக அணைந்தது. உடனே மறுபடியும் இயக்கியபோது நான்கு நிமிடம்தான் நின்றது. அரைமணி நேரம் ஆறவிட்டால் இருபது நிமிடம் ஓடுகிறது. மின்தடை அல்ல, அப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஸ்டெபிலைசரின் முள் 220இல் நின்றது. பெட்டியின் பக்கவாட்டில் கைவைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பாத்திரம் போலச் சுடுகிறது.

கடைக்காரரை அழைத்திருக்கலாம். ஆனால் அதனுள் கையெழுத்தாகாத உயில்கள் இரண்டும், ஒரு மைனர் குழந்தையின் காப்பாளர் மனுவும் இருக்கின்றன. கட்சிக்காரர்கள் என்னை நம்பிச் சொன்னவற்றைப் பிறர் கையில் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது நம் குமாஸ்தா எல்லப்பன் சொன்னான்: “அம்மாவ கேளு சார். அந்தப் பொட்டிக்குப் பொறந்த வூடு அங்கதான கீது?”

ஆகவே கேட்கிறேன்.

இங்ஙனம்,
சதாசிவம்


அணுபுரம்
8.11.2001

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் சதாசிவம் அவர்களுக்கு,

நலம். கால் வீக்கம் ஆகஸ்டிலேயே வடிந்துவிட்டது. மாலை நான்கு மணிக்குக் குளிப்பது எந்தச் சட்டப்பிரிவின்கீழும் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் இந்த முறை சாதாரண உறையில் வந்தது. அதற்கு நன்றி. ஜூலையில் வந்தது அலுவலக முகவரிக்கு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் வந்தது நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பிரிவில் பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அதே பிரிவில் வேலை பார்க்கும் ஜெசிந்தா எட்டிப் பார்த்து, “என்ன ரேணு, உன் வீட்டு வக்கீல் உனக்கே நோட்டீஸ் விட்டுட்டாரா?” என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் பதினொரு பத்திகள்! “மேற்படி குடியிருப்பைத் தாங்கள் ஏற்பதால் எழும் விளைவுகளுக்குத் தாங்களே பொறுப்பாவீர்கள்” என்று ஏழாம் பத்தி. கால் வலிக்கிறது, பக்கத்திலேயே வீடு தருகிறார்கள், எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டது சமையலறையில். பதில் தபாலில் வந்தது. ‘தாங்கள்’ என்று என்னை அதற்கு முன் நீங்கள் அழைத்ததே இல்லை.

போகட்டும். கம்ப்யூட்டருக்கு வருகிறேன். தானாக அணைவது அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் காரியம். மூளைச் சில்லு அளவுக்கு மீறிச் சூடானால் அணைந்துவிடும். ஆறவிட்ட பெட்டியை இயக்கியவுடன் டெலீட் விசையை விடாமல் தட்டுங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் வெப்பநிலை என்ன என்று பாருங்கள். ஐம்பது வரை சரி. எழுபதைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு பின்பக்கம் இருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகரத்தை எடுத்து, உள்ளே அலுமினியத் தகடுகளின்மேல் உள்ள சிறு விசிறி சுற்றுகிறதா என்று பார்க்கவும். பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே கைவைக்க வேண்டாம். இதைப் பதிவுத் தபாலில் சொல்லியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரேணுகா


செங்கல்பட்டு
16.11.2001

அன்புள்ள ரேணுகாவுக்கு,

தீபாவளி வாழ்த்துச் சொல்லும் நாள் கடந்துவிட்டது. முன்னரே எழுத நினைத்தேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பிந்திவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஓட்டலிலிருந்து எல்லப்பன் ஏதோ வாங்கிவந்தான்.

பண்டிகைக்கு நீதிமன்றம் விடுமுறை என்பதால் அன்றே உன் அறிவுரையின்படி சோதித்தேன். நீலத் திரையில் வெப்பநிலை 79. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 81 ஆயிற்று. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் காத்திருந்து, திருகுகளைக் கழற்றினேன். இனி நான் எழுதுவதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விசிறியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. சந்தனம் வழிந்து, இறக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே இறுகிக் காய்ந்திருந்தது. அலுமினியத் தகடுகளின் இடுக்குகள் எல்லாவற்றிலும் சாமந்தி இதழ்கள். அடியில் ஒரு கைப்பிடி பொரி.

எல்லப்பனை அழைத்து விசாரித்தேன். ஆயுத பூஜையன்று நான் சட்டப் புத்தகங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அவன் பெட்டியைத் துடைக்கத் திறந்திருக்கிறான். அவன் வாக்குமூலம் அப்படியே: “இன்னா சார் இப்டி கேக்கறீங்கோ? வண்டிக்குப் பூஜ போட சொல்லோ பானட்டத் தூக்கி இஞ்சினுக்குப் பொட்டு வெக்கல? வெளிய தகரத்துக்கு வெச்சா இன்னா பலன்? வேல செய்யறது உள்ள கீறதுதான?” அது சரி, விசிறியின்மேல் எதற்காக இவ்வளவு சந்தனம் என்றேன். “அப்பவே லேசா சூடாவுதுன்னு நீங்கதான சொல்லிகினு இருந்தீங்கோ? சந்தனம் குளுமை சார்.” சற்று நின்று, “அம்மா இருந்திருந்தா வோணாம்னு தடுத்திருப்பாங்கோ. இந்த வருசம் தடுக்க ஆளில்ல” என்று முடித்தான். குறுக்கு விசாரணை செய்ய எனக்கு மனமில்லை.

வழக்கமாக ஆயுத பூஜைக்கு நீதான் கம்ப்யூட்டரின் திரைக்கு மட்டும் ஒரு பொட்டு வைப்பாய் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இதழ்களைத் தூரிகையால் எடுத்தேன். விசிறி சுற்றவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும்?

சதாசிவம்


அணுபுரம்
19.11.2001

அன்புள்ள உங்களுக்கு,

சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெசிந்தாவோடு சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். சனிக்கிழமை வந்த உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்திருந்தேன். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து பிரித்தேன். பொரிக்கு வந்தபோது என்னால் வாசிக்க முடியவில்லை. ஜெசிந்தா வாங்கிப் படித்தாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டோம். எல்லப்பனைத் திட்ட வேண்டாம். அவன் சொன்ன தர்க்கத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை, சந்தனத்தைத் தவிர.

அந்த விசிறியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அதே அளவில் புதிதாக வாங்கி மாட்டுங்கள். தகட்டுக்கும் சில்லுக்கும் நடுவே வெள்ளைப் பசை இருக்கும். பழசைத் துணியால் துடைத்துவிட்டு, இந்த உறையில் வைத்திருக்கும் பொட்டலத்திலிருந்து ஒரு பட்டாணி அளவு எடுத்துத் தடவுங்கள். குளுமை என்று அதிகம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. மூன்று வாரம் அந்தச் சூட்டில் இருந்த ஹார்ட் டிஸ்கை நான் நம்ப மாட்டேன். 20 ஜிபியில் இரண்டாவதாக ஒன்று வாங்கி மாட்டி, எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்துவிடுங்கள்.

இனி எழுதப்போவது கம்ப்யூட்டர் பற்றியதல்ல. இந்த வீடு எனக்குத் தற்காலிகமாகத்தான் ஒதுக்கப்பட்டது. நிரந்தரமாக வேண்டுமென்றால் டிசம்பர் 14க்குள் குடியிருப்பு அலுவலகத்தில் படிவம் கொடுக்க வேண்டும். அதில் ‘உடன் வசிப்போர்’ என்று ஒரு கட்டம். அதில் பெயர் இருந்தால் இந்த இரண்டு அறை வீடு தொடரும். வெறுமையாக விட்டால் நான் தனிநபர் என்று கணக்கு. பெண்கள் விடுதியில் ஓர் அறை தருவார்கள். விடுதிக்குப் போய்விட்டால் பிறகு இங்கே வீடு கிடைக்க வருஷங்கள் ஆகும். திரும்பவும் செங்கல்பட்டிலிருந்து தினம் போய்வர என் காலால் ஆகாது. டாக்டரும் அதையேதான் சொன்னார்.

அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதட்டும்?

ரேணுகா


செங்கல்பட்டு
27.11.2001

அன்புள்ள ரேணுகாவுக்கு,

புதிய விசிறி பொருத்தப்பட்டது. பட்டாணி அளவுப் பசை தடவப்பட்டது. இரண்டு மணி நேரம் ஓடியபின்பும் வெப்பநிலை 46ஐத் தாண்டவில்லை. இந்தப் பகுதிக்கு உனக்கு முழு நன்றி.

ஆனால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் என்னை நிலைகுலைய வைத்திருக்கிறது. சென்னைக்கே சென்று 20 ஜிபியில் ஒன்று வாங்கினேன். அதனுடன் வந்த பட்டைக் கேபிளில் இரண்டையும் இணைத்தேன். இயக்கினால், திரையில் ஹார்ட் டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்று வருகிறது. புதியது தெரியாவிட்டால் புரிந்துகொள்வேன். மூன்று ஆண்டுகளாக இருந்த பழையதும் தெரியவில்லை. நல்ல நிலையில் இருந்ததை என் கையாலேயே அழித்துவிட்டேனோ என்று அஞ்சி, மூன்று நாட்களாக அதைத் தொடவில்லை.

படிவம் குறித்துக் கேட்டிருந்தாய். கவனமாக ஆராய்ந்தேன். என் வாக்காளர் பதிவு, குடும்ப அட்டை, தொழில் முகவரி அனைத்தும் செங்கல்பட்டில் உள்ளன. நான் உன்னுடன் வசிப்பதாக இன்றைய தேதியில் அறிவிப்பது மெய்யான கூற்றாகாது. மறுபுறம், கட்டத்தை வெறுமையாக விடுவது நாம் பிரிந்து வாழ்வதை ஒப்புக்கொண்டதாகப் பொருள்படலாம். எனவே, உரிமைகளுக்குப் பாதகமின்றி, கால நீட்டிப்புக் கோரி ஒரு விண்ணப்பம் அளிப்பதே தற்போதைக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து. வரைவு இணைத்துள்ளேன்.

சதாசிவம்


அணுபுரம்
30.11.2001

வழக்கறிஞர் அவர்களுக்கு,

டிஸ்க் அழியவில்லை. பயப்பட வேண்டாம். அந்த வகை டிஸ்க்குகளின் பின்பக்கம், கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊசிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் இரண்டை இணைத்து ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருப்பார்கள். அது இருக்கும் இடத்தைப் பொறுத்து அந்த டிஸ்க் ‘மாஸ்டர்’ அல்லது ‘ஸ்லேவ்’, அதாவது எஜமான் அல்லது அடிமை. கடையிலிருந்து வரும்போது எல்லாமே மாஸ்டர்தான். உங்களுடையவை இரண்டும் ஒரே கேபிளில் மாஸ்டர். யார் பதில் சொல்வதென்று தெரியாமல் இரண்டுமே வாய்மூடிவிட்டன. இந்தப் பெயர்களை நான் வைக்கவில்லை. எனக்கும் பிடிக்காது. ‘சி.எஸ்.’ என்று மூன்றாவதாக ஓர் இடம் உண்டு. இரண்டிலும் துண்டை அங்கே மாற்றிவிட்டால் யாருக்கும் பட்டம் வேண்டாம், கேபிளே தீர்மானிக்கும். நீல முனை தாய்ப்பலகையில் (மதர்போர்டில்), கறுப்பு முனை பழைய டிஸ்கில், நடுவில் உள்ள சாம்பல் நிறம் புதியதில். இரண்டும் தெரிந்ததும் புதியதை மட்டும் ஃபார்மட் செய்ய வேண்டும். அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள்: பழையது 10, புதியது 20. மூன்று முறை பார்த்துவிட்டு ஒரு முறை செய்யுங்கள். அது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேலே எழுதியது கம்ப்யூட்டரைப் பற்றி மட்டுமே. அதில் வேறு பொருள் தேட வேண்டாம்.

உங்கள் வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்பதை ஜெசிந்தாவிடம் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டேன். “ஒரு காலை வாசலுக்கு வெளியில வச்சுக்கிட்டுப் பேசறது” என்றாள். சரியா?

நான் கேட்டது சட்டக் கருத்து அல்ல. என் கணவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டது பத்தொன்பதாம் தேதி. பதினான்காம் தேதிக்குள் அவர் பதில் சொல்லவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை. களைப்பில் எழுதுகிறேன்.

ரேணுகா


செங்கல்பட்டு
6.12.2001

ரேணு,

நீ சொன்னபடியே மாற்றினேன். இரண்டும் தெரிந்தன. எல்லப்பன் பின்னால் நின்றுகொண்டு, “ஆங், பூட்ச்சு பேஜாரு” என்றான். மூன்று முறை பார்த்து, புதியதைத் தயார் செய்து, ஒவ்வொரு கோப்பாகப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். மொத்தமாக எடுத்திருக்கலாம், ஒன்றும் விடுபடக் கூடாது என்பதற்காகப் பெயர் பார்த்து எடுத்தேன்.

அப்படிப் பார்த்தபோது ‘ரேணு1’ முதல் ‘ரேணு7’ வரை ஏழு கோப்புகள் இருந்தன. ஜூலையில் உனக்கு அனுப்பிய கடிதத்தின் வரைவுகள். உனக்கு வந்தது ஏழாவது. முதலாவதை நான் மறந்தே போயிருந்தேன். நீ சமையலறையில் கேட்ட அதே நாள் மாலை தட்டச்சு செய்திருக்கிறேன். அதில் ஒரு வரிதான் இருக்கிறது:

‘நீ அங்கே போய்விட்டால் சாயங்காலம் நான் யாரோடு பேசுவேன்?’

இரண்டாவது வரைவில் அதன்பின் ஒரு ‘ஆனால்’ சேர்த்திருக்கிறேன். மூன்றாவதில் கேள்வி நீங்கி, ‘இருவருக்கும் ஏற்படக்கூடிய அசௌகரியம்’ என்று ஆகியிருக்கிறது. ஐந்தாவதில் ‘நீ’ என்பது ‘தாங்கள்’ ஆயிற்று. ஏழாவதில் பத்திகளுக்கு எண் போட்டுவிட்டேன். எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளக்கூடிய சொல்லை ஒவ்வொரு வரைவிலும் நீக்குவது இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். நீக்கிக்கொண்டே வந்ததில், சொல்ல வந்ததும் போய்விட்டது. நீ எதிர்த்தரப்பு அல்ல என்பது ஏழு வரைவுகளில் ஒன்றில்கூட எனக்குத் தோன்றவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பியது உன்னைக் கட்டுப்படுத்த அல்ல. தொலைந்துவிடுமோ என்ற பயத்தால். ஆனால் நீ எப்படிப் பெற்றுக்கொண்டாயோ, அதுதான் அதன் பொருள்.

ஜெசிந்தா அவர்கள் சொன்ன விளக்கம் சரி. எந்தச் சட்ட அகராதியிலும் அவ்வளவு தெளிவாக இல்லை.

உன் கேள்விக்குப் பதில்: கட்டத்தில் என் பெயரை எழுது. நான் வருகிறேன். நீ திரும்பி வருவதைப் பற்றி நான் பேசவில்லை. நான் அங்கே வருவதைப் பற்றிச் சொல்கிறேன். அலுவலகம் இங்கேயே இருக்கும், எல்லப்பன் திறந்து மூடுவான். நீதிமன்றத்துக்கு நான் அங்கிருந்து பேருந்தில் போய்வருவேன். இதை நான் வரைவு எழுதவில்லை. முதல் முறையிலேயே எழுதிவிட்டேன். எழுதியபின் மறுபடியும் படிக்கப் பயமாக இருப்பதால் அப்படியே உறையில் இடுகிறேன்.

சதாசிவம்


அணுபுரம்
10.12.2001

என்னங்க,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். ஒரு வரி படித்ததும் மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தேன். அந்த முதல் வரைவு எனக்கு ஜூலையில் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். வீட்டை அப்போதும் எடுத்திருப்பேன். ஆனால் உங்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

இன்று படிவம் கொடுத்துவிட்டேன். பெயர்: சதாசிவம். உறவு: கணவர். கவுண்டரில் இருந்தவர், “எப்பலேர்ந்து கூட இருக்கார் மேடம்?” என்றார். “வந்துகிட்டு இருக்கார்” என்றேன். “வந்துகிட்டு இருக்கார்னு எழுத இதுல எடமில்லையே” என்று தலையைச் சொறிந்தார். டிசம்பர் 24 முதல் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீதிமன்றம் மூடியிருக்கும்தானே? மறுநாள் சாப்பாடு ஜெசிந்தா வீட்டில். அவளிடம் நீங்கள் தொலைபேசி நேரம் பற்றிக் கேட்கக் கூடாது.

கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். உட்கார இடம் கிடைக்கும் பஸ்ஸில் ஏறுங்கள். மேசை தயார். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, காற்று போக வழி விட்டிருக்கிறேன். கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைக்க மாட்டேன். உப்புக் காற்று ஆகாது.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. நீங்கள் சொன்ன பேச்சு மாறாதவர், அது தெரியும். ஆனால் தினம் போய்வருவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபின் என்ன சொல்வீர்கள் என்று பார்க்க வேண்டும்.

ரேணு


செங்கல்பட்டு நீதிமன்றம்
3.1.2002

ரேணு,

மதிய இடைவேளையில் இந்த அஞ்சலட்டையை எழுதுகிறேன். இது வந்து சேர்வதற்குள் நான் இரண்டு முறை வீடு திரும்பியிருப்பேன். நேரில் சொன்னால் வாதம் போல வந்துவிடும்.

காலை 6.50 பேருந்தில் இடமில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம். எனவே செங்கல்பட்டு வரை நின்றேன். ஒரு கையில் வழக்குக் கட்டு, மறுகையில் கம்பி. “உள்ள போ சார், உள்ள எடம் கீது” என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே இடம் இல்லை. இறங்கியபோது வலது கால் செருப்பின் வார் பதிந்து தடம் விழுந்திருந்தது.

இதே சாலையில் நீ ஒன்பது ஆண்டுகள் போய்வந்தாய். மாலையில் வந்து, கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செருப்பாகக் கழற்றுவாய். அந்த நேரத்தில் நான் உள்ளே உட்கார்ந்தபடி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “காப்பி இருக்கா?” என்று கேட்பேன்.

அந்தக் கேள்வியை, ஒன்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

சதாசிவம்